சங்கிலியில் தொங்கும் தாய்க்கோழி

நாமக்கல்லில் குளிர்காயும் கருவிக்கு நல்ல வேலை இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. மார்கழி விடியலிலும் குளிர் பெரும்பாலும் 18, 20 டிகிரியோடு நின்றுவிடும். ஒரு போர்வை போதும். ஏற்காட்டில் ஒரு விடுதி முற்றத்தில், காளான் குடை கவிழ்த்த மாதிரி கேஸ் ஹீட்டர் நின்றால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஹீட்டரின் தம்பி ஒருவன் மோகனூர், புதுச்சத்திரம் பக்கத்துக் கோழிக் கொட்டகைகளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இரவும் பகலும் எரிகிறான். பெயர் கேஸ் புரூடர். அவனிடம் குளிர்காய வருபவர்களின் எடை ஆளுக்கு 40 கிராம்கூட இருக்காது.

பிறந்து ஒரு நாளான கோழிக்குஞ்சுகள்தான் அவை. அவற்றுக்குத் தாய் கிடையாது. கோழி அடைக்குப் படுத்தால் முட்டையிடுவதை நிறுத்திவிடும். முட்டைத் தொழிலுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் முட்டைக்கோழி இனங்களிலிருந்து அடைகாக்கும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்து எடுத்துவிட்டார்கள். முட்டையைப் பொரிப்பது இயந்திரம். 21ஆம் நாள் ஓட்டை உடைத்து வரும் குஞ்சு, வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் கட்டுச்சோறாகக் கொண்டுவருகிறது. இரண்டு நாள் தீனி இல்லாமலும் அது தாங்கும். ஆனால் சூட்டைக் கட்டி எடுத்துவர முடியாதே.

அண்டாவில் இருக்கும் சாம்பார் ஒரு மணி நேரம் சூடாக இருக்கிறது. டம்ளரில் ஊற்றிய டீ பேசி முடிப்பதற்குள் ஆறிவிடுகிறது. சிறிய பொருளுக்கு எடையை வைத்துப் பார்த்தால் தோல் அதிகம், சூடு கசியும் வழியும் அதிகம். ஒன்றரைக் கிலோ கோழியோடு ஒப்பிட்டால், குஞ்சின் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்றரை மடங்கு மேற்பரப்பு இருக்கிறது. போதாக்குறைக்கு, இறகு இன்னும் முளைக்கவில்லை. வெறும் பஞ்சு ரோமம்தான். உடல் சூட்டைத் தானே கட்டுக்குள் வைத்திருக்க அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். முதல் வாரம் முதுகு உயரத்தில் 35 டிகிரி வேண்டும். பண்ணைகளில் இதை 95 பாரன்ஹீட் என்பார்கள். நாம் மின்விசிறி போட்டுத் தூங்கும் ராத்திரியும் குஞ்சுக்குக் கடுங்குளிர்தான்.

ஒரு தை மாத இரவில் அப்படியொரு கொட்டகைக்குள் நின்றேன். தகரத் தகடுகளை வளைத்து முழங்கால் உயரத்தில் வட்ட வேலி. உள்ளே நெல் உமி பரப்பி, மேலே செய்தித்தாள் விரித்திருந்தது. நடுவில் புரூடர் செந்தணலாக ஒளிர்ந்தது. நான் தெர்மாமீட்டரைத் தேடியதைப் பார்த்துப் பண்ணைக்காரர் சிரித்தார். "அதுவும் இருக்குதுங்க. ஆனா அது தொங்குற எடத்துச் சூட்டத்தான் சொல்லும். குஞ்சு ஆயிரமும் ஆயிரம் எடத்துச் சூட்டச் சொல்லுமுங்க" என்றார். புரூடருக்கு அடியில் குவியலாக ஏறிப் படுத்தால் குளிர். வேலி ஓரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்துப் படுதாவில் கிழிசல், காற்று ஊதுகிறது. கடுகை இறைத்தாற்போல் சமமாகப் பரவியிருந்தால் சரி. அன்றைக்குக் குஞ்சுகள் மேற்கே கொஞ்சம் சாய்ந்திருந்தன. அவர் போய்க் கிழக்குப் படுதாவை இழுத்துக் கட்டிவிட்டு வந்தார். பத்து நிமிடத்தில் வட்டம் நிரம்பியது.

புரூடருக்கு நேர் கீழே கையை நீட்டினால் சுளீர் என்கிறது. ஒரு முழம் நகர்த்தினால் காற்று பழைய குளிரோடுதான் இருக்கிறது. இந்தக் கருவி காற்றைச் சூடாக்க முயல்வதே இல்லை. முயன்றாலும் சூடான காற்று மேலே ஏறிக் கூரையைத்தான் குளிர்காய வைக்கும். இது அனுப்புவது அகச்சிவப்புக் கதிரை, அதாவது சிவப்புக்கும் அப்பால் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை. 1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்தார். சிவப்புக்கு வெளியே ஒளியே விழாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தபோது பாதரசம் ஏறியது. அந்த இருட்டு ஒளிதான் புரூடரின் சரக்கு. இடையில் இருக்கும் காற்றை ஏறக்குறையச் சூடாக்காமல் கடந்து, குஞ்சின் முதுகில் பட்ட பிறகே அது சூடாக மாறுகிறது. நாலு பக்கமும் திறந்த மாடியில் விடுதிக்காரர் ஹீட்டர் வைப்பதற்கும் இதுதான் தைரியம்.

புரூடரின் முகம் பீங்கான் ஓடு. தேன்கூடு போல நூற்றுக்கணக்கான துளைகள். எரியும்போது அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 900 டிகிரி. அந்தச் சூட்டில் உள்ளங்கை அளவு பரப்பு ஓர் இஸ்திரிப் பெட்டிக்குச் சமமாக, ஏறக்குறைய 1,000 வாட், கதிர் வீசும். வியப்பு அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. விரல் கனம் தாண்டினால் கேஸும் காற்றும் கலந்த கலவை காத்திருக்கிறது. ஆனால் அது பற்றிக்கொள்வதில்லை. ஒவ்வொரு துளையும் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அவ்வளவு ஒடுக்கமான வழியில் சுடர் நுழைந்தால் சுவர்கள் அதன் சூட்டைப் பறித்து அணைத்துவிடும். சுரங்கத் தொழிலாளிகளுக்காக 1815இல் ஹம்ப்ரி டேவி செய்த விளக்கில் கம்பி வலை செய்ததும் இதே வேலைதான். அதனால்தான் விரிசல் விட்ட ஓட்டை 'எரியுதே, இருக்கட்டும்' என்று விடக் கூடாது. விரிசல் என்பது சுடருக்குத் திறந்துவிட்ட கதவு.

கலவையைச் சேர்ப்பதற்கு மோட்டார் கிடையாது. ஊசித்துளை போன்ற ஜெட்டிலிருந்து சீறிவரும் கேஸ், தன் வேகத்தாலேயே சுற்றியிருக்கும் காற்றை இழுத்துக்கொள்கிறது. ஆனால் கோழிக் கொட்டகை என்பது உமித்தூசியும் பஞ்சு ரோமமும் பறக்கும் இடம். காற்று நுழையும் வாயில் அடைபட்டால் சுடர் மஞ்சளாகி, கரி பிடித்து, கார்பன் மோனாக்சைடு கிளம்பும். மணமில்லாத இந்த நச்சு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முற்றத்து ஹீட்டருக்கு எதிரி வேறு: மாதக்கணக்கில் சும்மா நின்றால் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டிவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பற்றவைக்கும் முன் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கேஸைப் பற்றி இந்த ஊருக்குச் சொல்லித்தர நான் யார்? எண்ணெய் நிறுவனங்களுக்காக எரிவாயு ஏற்றி ஓடும் டேங்கர் லாரிகளின் தென் மண்டல உரிமையாளர் சங்கத்துக்கு நாமக்கல்தான் தலைமையிடம். அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியும்: உள்ளே இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம், வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு விரியும் என்று. சிலிண்டரைப் படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் அந்தத் திரவமே குழாயில் ஏறி, சுடர் நெருப்புக்கோளமாகும். எனவே எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். அதுவும் கொட்டகைக்கு வெளியே, நிழலில். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். நின்றுகொண்டு மோந்தால் மூக்குக்கு எட்டாமல் போகலாம். குனிந்து மோந்து பாருங்கள். நாம் மோப்பது கேஸின் வாசனையும் இல்லை. அதற்குத் தனி மணமே கிடையாது. எச்சரிக்கைக்கென்று கலந்த மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளின் நாற்றம் அது. இணைப்புகளில் சோப்பு நுரை பூசி, குமிழ் கிளம்புகிறதா என்று பார்ப்பது மூக்கைவிட நம்பகமானது.

எனக்கு மிகவும் பிடித்த பாகம் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாதது. சுடரில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும் செப்பு நிறக் கம்பி. பெயர் வெப்ப இரட்டை. மெக்கானிக் மொழியில் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களை இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும்; இந்த விளைவை 1821இல் கண்டவர் சீபெக். இந்தக் கம்பி தருவது அதிகபட்சம் 30 மில்லிவோல்ட், டார்ச் செல்லில் ஐம்பதில் ஒரு பங்கு. அதை வைத்து வால்வைத் திறக்க முடியாது. நாம் விரலால் அழுத்தித் திறந்ததைக் காந்தத்தால் பிடித்துக்கொள்ள மட்டுமே முடியும். குமிழை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வது இதற்குத்தான். கம்பி சூடேற வேண்டும். நள்ளிரவில் காற்றடித்துச் சுடர் அணைந்தால் கம்பி ஆறும், காந்தம் கையை விடும், வால்வு தானே மூடிக்கொள்ளும். கரண்ட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. இந்தக் கம்பி இல்லாத புரூடர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். முற்றத்து ஹீட்டருக்கு இன்னொன்றும் கேளுங்கள்: சாய்ந்தால் கேஸை நிறுத்தும் சுவிட்ச். ஹீட்டரைச் சாமியானா துணிக்கடியில் வைப்பது எந்த சுவிட்சும் காப்பாற்ற முடியாத காரியம்.

எவ்வளவு கேஸ் செலவாகும்? கணக்கு எளிது. ஒரு கிலோ கேஸில் ஏறத்தாழ 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஒன்றரைக் கிலோவாட் புரூடர் மணிக்கு 120 கிராம் எரிக்கும். 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்று ஆறரை நாள் வரும், குஞ்சின் முதல் வாரம் கிட்டத்தட்ட கழிந்துவிடும். முற்றத்துக் காளான் 12, 13 கிலோவாட் என்பதால் மணிக்கு ஒரு கிலோவை விழுங்கி, அதே சிலிண்டரை 20 மணி நேரத்துக்குள் காலி செய்யும். வீட்டுச் சிவப்புச் சிலிண்டரை இதற்கு மாட்டுவது சட்டப்படி குற்றம்.

இன்னொரு கணக்கைப் பெரும்பாலோர் போடுவதில்லை. நெருப்பு தண்ணீர் தயாரிக்கிறது! கேஸில் உள்ள ஹைட்ரஜன் எரிந்தால் நீராவிதானே? ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர். நமது புரூடர் மூன்று நாளில் ஏறத்தாழ ஒரு குடம் நீரைக் கண்ணுக்குத் தெரியாமல் கொட்டகைக்குள் ஊற்றிவிடுகிறது. குளிருக்குப் பயந்து படுதாவை முழுக்க மூடினால் அந்த ஈரம் உமியில் இறங்கும். ஈர உமியில் எச்சம் நொதித்து அம்மோனியா கிளம்பும், குஞ்சுகளின் கண் எரியும். சூடு போய்விடுமே என்று மூடிய படுதா, குஞ்சையே நோயாளியாக்கிவிடும். அதனால் படுதாவின் மேல் விளிம்பில் எப்போதும் ஒரு சாண் இடைவெளி. கரியைத் தகர டின்னில் போட்டுச் சூடேற்றுபவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்; தணல் கரி நச்சு வாயுவைத் தாராளமாக விடும்.

புரூடரைக் கயிற்றில் கட்டாமல் சங்கிலியில் மாட்டுகிறார்கள். கயிறு கருகி அறுந்தால் 900 டிகிரி ஓடு உமியில் விழும். சங்கிலிக்கு இன்னொரு வசதி, கண்ணி கண்ணியாக உயர்த்தலாம். வாரத்துக்கு 5 பாரன்ஹீட் குறைய வேண்டும் என்பது வழக்கம். குமிழைத் திருகுவதைவிடப் பண்ணைக்காரருக்குச் சங்கிலியை ஏற்றுவது பிடிக்கிறது. மறு மாதம் போனபோது புரூடர் கூரையோரம் அணைந்து தொங்கியது, ஓட்டில் தூசி படிந்திருந்தது. தகர வேலியும் இல்லை. கீழே குஞ்சுகள் கொட்டகை முழுக்க ஓடிக்கொண்டிருந்தன, இறக்கையில் வெள்ளை இறகு கிளம்பியிருந்தது.