கூடுதலாகப் பிழைக்கும் ஆறு பேர்

செப்சிஸில் இறப்பைக் குறைக்கும் மருந்து வந்தால் ஐ.சி.யூ. நர்ஸ்களின் வேலை குறையும் என்றுதான் தோன்றும். உண்மையில் கூடும். இரண்டாம் நாளே இறந்துபோகிறவருக்கு மூன்றாம் நாள் செய்ய எதுவும் இல்லை. பிழைத்தவருக்கு உண்டு, சில சமயம் வாரக்கணக்கில்.

கிருமியை எதிர்க்கக் கிளம்பும் தற்காப்பு கட்டுமீறிப்போய்ச் சொந்த உறுப்புகளையே பழுதாக்குவதுதான் செப்சிஸ். நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைகிறது. உறைதலை அடக்கிவைக்கும் ‘புரதம் சி’ உடலில் வற்றிப்போகிறது. அதன் செயலூக்கப்பட்ட வடிவத்தை ஆய்வகத்தில் தயாரித்து, ஸைக்ரிஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது எலி லில்லி நிறுவனம். 2001-ல் வெளியான ஆய்வில் 1,690 நோயாளிகள். 28 நாள்களுக்குள் இறந்தவர்கள், மருந்து பெறாதவர்களில் 30.8 சதவீதம், பெற்றவர்களில் 24.7 சதவீதம். நூற்றுக்கு ஆறு உயிர். அந்த நவம்பரிலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அந்த ஆறு பேருக்கு எவ்வளவு வேலை? இதை அளக்க ‘டிஸ்-28’ என்றொரு முறை இருக்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் புள்ளி. ஒரு புள்ளி என்பது ஒரு ஷிஃப்டில் நர்ஸின் 10.6 நிமிடம். வென்டிலேட்டருக்கு 5, தமனிக்குள் செருகிய குழாய்க்கு 5, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் பல மருந்துகளுக்கு 4, டயாலிசிஸுக்கு 3. இந்த நான்குக்கே மூன்று மணி நேரம் போய்விடும். ஒரு ஷிஃப்டில் ஒரு நர்ஸால் முடிவது மொத்தம் 46 புள்ளிதான்.

இதற்கு மேல் அந்த மருந்து தானே கொண்டுவந்த வேலை. 96 மணி நேரம் இடைவிடாமல் ஏற்ற வேண்டியிருந்தது, அதுவும் நோயாளியின் எடைக்குக் கணக்கிட்ட வேகத்தில். அதற்கென்று தனி லைன். குப்பியைக் குலுக்கக் கூடாது, மெல்லச் சுழற்றித்தான் கரைக்க வேண்டியிருந்தது. அமெரிக்க விதிப்படி, கலந்த மருந்தை 12 மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டியிருந்தது. ஆக, ஒரு நோயாளிக்குக் குறைந்தது எட்டு முறை கலக்க வேண்டியிருந்தது. உடலுக்குள் குழாய் செருகுவது போன்ற எதையும் செய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டியிருந்தது. பெரிய அறுவை சிகிச்சை என்றால், முடிந்து 12 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி தொடங்க முடிந்தது. உறைதலைத் தடுக்கும் மருந்தாயிற்றே, ரத்தக்கசிவு பயம் வேறு. ஊசி குத்திய இடம், மூக்குக் குழாய், சிறுநீரின் நிறம் என்று எல்லாவற்றிலும் கண் வைத்திருக்க வேண்டியிருந்தது. கடும் ரத்தக்கசிவு 2 சதவீதத்திலிருந்து 3.5 ஆகியிருந்தது.

ஒருவருக்குச் சிகிச்சை முடிக்க ஏறத்தாழ 7,000 டாலர் ஆனது. இந்த விலை பற்றி நிறையவே விவாதம் நடந்தது. நர்ஸின் நேரமும் ஒரு செலவுதான். அது மருந்து பில்லில் ஏறுவதில்லை. ஆள் கூட்டாமல் மருந்தை மட்டும் வார்டுக்குள் அனுப்பினால், அதற்கான நேரம் பக்கத்துப் படுக்கை நோயாளியிடமிருந்துதான் போகும். அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது தள்ளிப்போகும், சளி உறிஞ்சுவது தள்ளிப்போகும். அவருடைய உயிருக்கும் அது ஆபத்துதான்.

பிறகு, ரத்த அழுத்தம் சரிந்து ‘ஷாக்’ நிலையில் இருந்த செப்சிஸ் நோயாளிகளிடம் ஸைக்ரிஸை மறுபடி சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களில் 26.4 சதவீதமும் பெறாதவர்களில் 24.2 சதவீதமும் இறந்தார்கள். பலன் ஏதும் தெரியவில்லை. 2011 அக்டோபரில் நிறுவனமே ஸைக்ரிஸை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஸைக்ரிஸ் போனாலும் வேலைக் கணக்கின் தேவை போகவில்லை. அடுத்த செப்சிஸ் மருந்தின் ஆய்வில் இறப்பு எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே டிஸ் புள்ளிகளும் அச்சாக வேண்டும். எத்தனை நர்ஸ்களைக் கூடுதலாக நியமிப்பது என்று மருந்து வருவதற்கு முன்பே மருத்துவமனை கணக்கிட, அந்த எண் இல்லாமல் முடியாது.