பென்சிலைக் கைமாற்றும் கலைஞர்

ஒரு சித்திரக்கதைக் கலைஞரின் உழைப்பை அவர் வரைந்த பக்கங்களைக் கொண்டு அளப்பதே நம் வழக்கம். ஷரத் சர்மாவை அந்த அளவுகோலால் அளந்தால் பெரும்பகுதி விடுபட்டுப் போகும். அரசியல் கேலிச்சித்திரக்காரராக இருந்த அவர், 'வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா' அமைப்பைத் தொடங்கி, "எனக்கு வரைய வராது" என்று சொல்லும் கிராமத்து மக்களுக்குப் படக்கதை செய்யக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இறங்கினார். பின்லாந்துக் கலைஞர் லெய்ஃப் பாக்கலேனுடன் சேர்ந்து 2007இல் அந்த முறையை நூலாகவும் எழுதினார். வரைவது, செப்பனிடுவது, கற்பிப்பது என்ற மூன்றில், கற்பிப்பதே ஒரு கலைஞரின் ஆகப்பெரிய பணி என்பதற்கு அவர் சான்று. தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளிக்கும் அத்தகைய பணிதான் தேவை.

முறை மிக எளியது. இரண்டு ஏ4 தாள்களை ஒட்டினால் ஒரு சுவரொட்டி. அதில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் ஆளும் சிக்கலும், நடு இரண்டில் சிக்கலின் வளர்ச்சி, கடைசியில் முடிவு. கறுப்பு மையில் வரைந்து ஜெராக்ஸ் எடுத்தால் ஊரெங்கும் ஒட்டலாம். கடினமானது செப்பனிடும் வேலைதான். முழக்கம் எழுத வருபவரைக் கதை சொல்ல வைக்க வேண்டும். பத்து வரி வசனத்தை ஒரு வரியாக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் உள்ள, பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடை எடுத்துக்கொள்வோம். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் மாணவி; பல் விளக்கவில்லையா என்று கேலி செய்யும் தோழிகள்; கறைக்குக் காரணம் ஆழ்துளைக் கிணற்று நீர் என்று விளக்கும் செவிலியர்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயில் குடம் பிடிக்கும் அம்மா. அந்த மாணவி வாயைப் பொத்தும் கையை வெளியூர் ஓவியர் கவனிக்க மாட்டார். பக்கத்து பெஞ்சில் இருப்பவள் கவனிப்பாள்.

பயிற்சியில்லாத கை வரைந்தால் படம் கோணலாகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் சுவர் முன் நிற்பவர் கோட்டின் அழகைப் பார்த்து நிற்பதில்லை. தன் தெருவை, தன் வீட்டுப் பேச்சை அதில் அடையாளம் கண்டு நிற்கிறார். படக்கதை சிறுவர்களையும் அவர்களின் வாசிப்பையும் கெடுக்கும் என்ற அச்சமும் பழையது. 1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், காமிக்ஸ் சிறுவர்களைக் குற்றத்துக்கு இழுக்கிறது என்று நூலே எழுதினார்; அவர் தம் சான்றுகளைத் திரித்திருந்தார் என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு கதையை நான்கு கட்டங்களுக்குள் அடக்க, எது முக்கியம், எது முன், எது பின் என்று சிந்திக்க வேண்டும். கட்டுரைப் பாடம் கேட்பதும் அதே திறனைத்தான்.

படத்தால் கதை சொல்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதுமல்ல. பக்கத்திலுள்ள அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் இதிகாசக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. தருமபுரியின் நடுகற்கள் மாண்ட வீரர்களின் கதையைக் கல்லில் சொல்கின்றன. அரசர் கதையும் வீரர் கதையும் சொன்ன மண்ணில், பள்ளிக்குப் போகும் பெண்ணின் கதையும் சொல்லப்பட வேண்டும். நல்லம்பள்ளி ஆசிரியர்களே, மாணவர்களிடம் இரண்டு தாள்களும் ஒரு கறுப்புப் பேனாவும் கொடுங்கள். பள்ளிச் சுவரில் கொஞ்சம் இடமும் ஒதுக்குங்கள்.