போவது நல்ல ரத்தம்தான்

“கெட்ட ரத்தம்தானே, போனால் நல்லது.” மாதவிடாயின்போது ரத்தம் அதிகமாகப் போகிறது என்று சொல்லும் பெண்ணுக்கு வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் ஆறுதல் சொல்கிறார்கள். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் இதை நம்பியே பலர் வருடக்கணக்கில் ரத்தசோகையோடு நடமாடுகிறார்கள்.

கருவை எதிர்பார்த்து மாதந்தோறும் கர்ப்பப்பையின் உட்படலம் தடிக்கிறது. கரு தங்காவிட்டால் ஹார்மோன் அளவு குறைந்து, அந்தப் படலம் உரிந்து ரத்தத்தோடு வெளியே வருகிறது. கை கால்களில் ஓடும் அதே ரத்தம்தான் அது. உடம்பின் கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. மாதவிடாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு மாதவிடாயில் 30 முதல் 40 மில்லி ரத்தம் போவது வழக்கம். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். ஒரு மில்லி ரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்புச்சத்து போய்விடும். 80 மில்லி என்றால் 40 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் ஈர்த்துக்கொள்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மாதாமாதம் இப்படித் துண்டு விழுந்தால் படியேறும்போது மூச்சு வாங்கும், முடி கொட்டும், எந்நேரமும் அசதியாக இருக்கும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. சாப்பாட்டுக் குறை இதற்குப் பெரிய காரணம்தான். ஆனால் கீரை சாப்பிடச் சொல்கிற நாம், மாதம் எத்தனை நாப்கின் ஆகிறது என்று கேட்பதில்லை.

மில்லிக் கணக்கில் யாரும் அளக்க முடியாது. அளக்கவும் வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் முழுக்க நனைவது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைக்க வேண்டியிருப்பது, மாற்றுவதற்காகவே இரவில் எழுந்திருப்பது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது: இவற்றில் ஒன்று மாதாமாதம் நடந்தாலே டாக்டரைப் பார்க்கலாம். தலைசுற்றலோடு, மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து நனைந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடங்கள் சுழற்சி முன்னே பின்னே இருப்பது இயல்பு. ஆனால் முதல் மாதவிடாயிலிருந்தே ரத்தம் கொட்டினால், ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பல் பிடுங்கும்போது ரத்தம் நிற்காமல் போனதுண்டா, அம்மாவுக்கும் இப்படித்தானா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நாற்பதை நெருங்குபவர்களுக்குப் பெரும்பாலும் நார்த்திசுக்கட்டி, தைராய்டு, ஹார்மோன் மாற்றம் என்று காரணங்கள் இருக்கும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு பட்டாலும் தள்ளிப்போடக் கூடாது.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது சரியாக இருக்கும்போதே உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம் என்பதால் ஃபெரிட்டின் பரிசோதனையும் உதவும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு சேர்த்து விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொண்டால் நன்றாகச் சேரும். ஹீமோகுளோபின் ஏறியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது தேவைப்படும்.

ரத்தப்போக்கைக் குறைக்க அந்த நாட்களில் மட்டும் சாப்பிடும் மாத்திரைகள் உண்டு. ஹார்மோன் மாத்திரைகளும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உண்டு. இத்தனை இருந்தும் ‘கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்பது எடுத்த எடுப்பிலேயே பல பெண்களிடம் சொல்லப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை இழந்திருந்தது 2019-இல் நாடெங்கும் பேசப்பட்டது. சிலருக்கு அந்த அறுவைச் சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படும். உங்களிடம் சொன்னால், என்ன காரணத்துக்காக, மருந்தில் ஏன் முடியாது, சினைப்பையையும் எடுப்பீர்களா என்று கேளுங்கள். பதிலை வாங்கிக்கொண்டு, ஸ்கேன் அறிக்கையோடு இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.