மல்லார்டு வாத்து வேட்டை ஒழுங்குமுறை

மல்லார்டு வாத்து வேட்டை ஒழுங்குமுறை என்பது, வட அமெரிக்காவில் ஏராளமாகக் காணப்படும் மல்லார்டு எனும் காட்டு வாத்தை ஆண்டில் எத்தனை நாட்கள், நாளொன்றுக்கு எத்தனை சுடலாம் என்று வரையறுக்கும் முறையாகும். எண்ணிக்கையில் மிகுந்த பறவையும் வறட்சியாலும் மிகை வேட்டையாலும் குறையக்கூடும் என்பதே இதன் அடிப்படை.

சட்டப் பின்னணி

இவ்வாத்துகளில் பல கனடாவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் அமெரிக்காவுக்கு வலசை செல்கின்றன. எனவே ஒரு நாடு மட்டும் தனித்து இவற்றைக் காக்க இயலாது. 1916இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரித்தானியாவும் வலசைப் பறவைகள் குறித்து ஒப்பந்தம் செய்தன. இதைச் செயற்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் 1918இல் இயற்றப்பட்டது. அமெரிக்காவில் வேட்டைப் பருவம் மூன்றரை மாதத்தைத் தாண்டக் கூடாது. 1930களின் கடும் வறட்சியில் வாத்துகள் குறைந்ததால், தானியம் தூவியும் உயிருள்ள பழக்கிய வாத்துகளைக் காட்டியும் ஈர்த்துச் சுடுவது 1935இல் தடை செய்யப்பட்டது.

கணக்கெடுப்பு

1955இல் தொடங்கிய கணக்கெடுப்பில் வசந்த காலத்தில் தாழப் பறக்கும் விமானங்களிலிருந்து வாத்துகள் எண்ணப்படுகின்றன; புல்வெளிகளில் நீர் நிற்கும் குட்டைகளும் எண்ணப்படுகின்றன. குட்டைகள் மிகுந்த ஆண்டில் குஞ்சுகளும் மிகும். கால்வளையம் இட்ட பறவைகளை வேட்டைக்காரர்கள் தெரிவிப்பதிலிருந்து இறப்பு விகிதம் கணிக்கப்படுகிறது.

முடிவெடுக்கும் முறை

வேட்டையில் இறக்கும் வாத்துகள் எப்படியும் குளிரிலோ நோயிலோ இறந்திருக்கும் என்பது ஒரு கருத்து. அவை கூடுதல் இழப்பே என்பது மற்றொன்று. இவ்விவாதம் முடியும்வரை காத்திராமல், 1995 முதல் தகவமைப்பு வேட்டை மேலாண்மை பின்பற்றப்படுகிறது. இதில் ஒவ்வொரு கருத்தும் அடுத்த ஆண்டின் எண்ணிக்கையை முன்கணிக்கிறது. கணக்கெடுப்புடன் நெருங்கி வரும் கருத்துக்கு அடுத்த முடிவில் கூடுதல் மதிப்பு தரப்படுகிறது.

இதன்படி தாராளம், மிதம், கட்டுப்பாடு, முழுத்தடை ஆகிய நான்கில் ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது. மிசிசிப்பி வலசைப் பாதையில் தாராள விதி 60 நாட்களும் நாளுக்கு 6 வாத்துகளும் ஆகும். கட்டுப்பாட்டு விதியில் இது 30 நாட்கள், 3 வாத்துகள். தாராள விதியிலும் மல்லார்டு 4க்கு மேல், அவற்றில் பெட்டை 2க்கு மேல் கூடாது. முட்டையிட்டு அடைகாப்பது பெட்டையே என்பதால் அதற்குத் தனி வரம்பு உள்ளது.

வட்டார வேறுபாடு

கண்டம் முழுவதும் மிகுந்திருக்கும் இனமும் ஒரு வட்டாரத்தில் குறையலாம். கிழக்குப் பகுதியில் மல்லார்டுகள் குறைந்ததால், அட்லாண்டிக் வலசைப் பாதையில் 2019இல் நாள் வரம்பு 4இலிருந்து 2ஆகக் குறைக்கப்பட்டது.