மறுபாதியை யார் சொல்வது?

செபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொன்னால், கூடியிருப்பவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். என் பாட்டி மருத்துவமனையில் கடைசி நாள்களைக் கழித்தபோது, ஒரு மாலை மெல்லிய குரலில் முதல் பாதியைத் தமிழில் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கட்டிலைச் சுற்றி நின்ற பேரப்பிள்ளைகள் ஐவருக்கும் அந்தச் செபம் தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் மட்டும். அம்மா ஒருவர்தான் பதில் சொன்னார்.

அதன் பிறகுதான் நான் தமிழ்த் திருப்பலிக்குப் போகத் தொடங்கினேன்.

சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களின் வரலாறு நீண்டது. தொடக்கத்தில் நல்லாயன் பேராலயத்திலும், பின்னர் 1870ல் எழும்பிய குவீன் ஸ்திரீட் புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கர்களோடு சேர்ந்தும் வழிபட்டார்கள். தங்களுக்கென ஓர் ஆலயம் வேண்டும் என்ற அவர்களின் ஆசை 1888ல் ஓஃபிர் ரோட்டில் நிறைவேறியது. பிரான்சின் லூர்து நகர் ஆலயத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட அந்த லூர்து அன்னை ஆலயம், 2005ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1974 முதல் அது எல்லா இனத்தவருக்குமான பங்காக இருக்கிறது. தமிழ் வழிபாடு அங்கே இன்றும் தொடர்கிறது.

அந்தக் காலத்தில் திருப்பலி லத்தீனில்தான் நடந்தது. பிரசங்கம், பாட்டு, நவநாள், செபமாலை இவைதான் தமிழில். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகே பூசை முழுவதும் மக்கள் மொழிக்கு வந்தது. லத்தீன் காலத்திலும் தமிழைக் காத்தவர்கள் வீட்டில் மாலை நேரத்தில் முழந்தாளிட்ட பாட்டிமார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று சிக்கல் வேறு. தமிழில் பூசை இருக்கிறது. பிள்ளைகளின் மறைக்கல்வி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வார இறுதியில் இரண்டு முறை ஆலயத்திற்குப் போக எந்தக் குடும்பத்திற்கு நேரம் இருக்கிறது? வசதியான நேரத்து ஆங்கிலப் பூசையோடு முடித்துக்கொள்கிறோம். யாரையும் குறைசொல்ல முடியாது. நானும் இருபது ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வருவது பிரசங்கம் அல்ல, விழாக்கள்தான் என்பதை எங்கள் பங்கில் பார்க்கிறேன். ஆகஸ்ட் 29ல் வேளாங்கண்ணி மாதாவுக்குக் கொடியேற்றி, செப்டம்பர் 8 வரை நவநாள். டிசம்பரில் வீடு வீடாகக் கீதம். ஜனவரியில் பொங்கல். உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கை ஏற்றி, கோலமிட்டு, காணிக்கைப் பவனியில் கரும்பையும் பச்சரிசியையும் பீடத்துக்குக் கொண்டுசெல்வோம். பூசை முடிந்ததும் வெளியே பானை ஏறும்.

போன பொங்கலுக்கு அடுப்பைப் பற்ற வைக்கவே எங்களுக்குத் தெரியவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கு வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பிதான் விறகை எப்படித் தள்ள வேண்டும் என்று உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குக் காட்டினார். பால் பொங்கியபோது, சீன, பிலிப்பினோ பங்கு மக்களும் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். அந்த மாணவர்களில் மூவர் இப்போது தமிழ்ப் பாடகர் குழுவில் இருக்கிறார்கள். பாட்டை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். சில பெரியவர்களுக்கு அதில் வருத்தம். ஆனால் எழுத்து தெரியும்வரை காத்திருந்தால் பாடுவதற்கு ஆள் இருக்காது. முதலில் வாயில் வரட்டும். எழுத்து பின்னால் வரும்.

பாட்டியின் முதலாம் ஆண்டு நினைவு நாளன்று வீட்டில் கூடினோம். ரோமன் எழுத்தில் அச்சடித்த ஒரு தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். அம்மா முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். ஒரு நொடி தயக்கம். பிறகு ஐந்து பேரும் தடுமாறித் தடுமாறி மறுபாதியைச் சொல்லி முடித்தோம்.

உச்சரிப்பில் ஏகப்பட்ட பிழைகள். அம்மா ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. அடுத்த மணியை உருட்டினார்.