முத்திரையிட்ட கோப்பு

கீழ்வேளூர்த் திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குக் கேடிலியப்பர் என்பது பெயர். கேடு இல்லாதவர் என்பது அதன் பொருள். கணிப்பொறியில் உள்ள கோப்பு ஒன்றையும் கேடுறாமல் காப்பது எவ்வாறு என்பதே நான் இன்று விளக்க எடுத்துக்கொண்ட செய்தி.

இவ்வட்டாரத்திலேயே இதற்குப் பழஞ்சான்று ஒன்று உண்டு. அண்மையிலுள்ள ஆனைமங்கலத்தை, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஏறத்தாழக் கி.பி. 1006-இல் வழங்கினான். அக்கொடை, அவன் மகன் இராசேந்திரன் ஆணைப்படி 21 செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றது. நெடுங்காலம் ஹாலந்து நாட்டில் இருந்தமையால் அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்பர். ஏடுகளை ஒரு வளையத்தில் கோத்து, அதன் வாயை அரச முத்திரையால் அடைத்துள்ளனர். அதனை உடைக்காமல் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ இயலாது. ஏடுகள் குறையவில்லை என்பதற்கு வளையம் சான்று. தந்தவர் இன்னார் என்பதற்கு முத்திரை சான்று.

இன்று நிலப் பதிவேடுகள் கணிப்பொறிக் கோப்புகளாகிவிட்டன. செம்பில் வெட்டிய எழுத்தை அழித்தால் தழும்பு நிற்கும். கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் பார்வைக்குத் தடமே தெரியாது. மூன்று மா நிலம் இரண்டு மா ஆகிவிட்டால், உழுபவன் எதனைக் காட்டி வழக்காடுவான்?

கோப்பைத் திருத்த இன்னாருக்கே உரிமை என இயங்குதளம் வரையறுப்பது முதற் காவல். ஆயினும், முழு உரிமை பெற்ற நிர்வாகியின் கடவுச்சொல் களவுபோனால் அக்காவல் பயனற்றுப்போகும். ஆகவே முத்திரையும் வேண்டும்.

ஷா-256 என்னும் கணக்குமுறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்தெண்கள் கொண்ட ஒரு சுருக்கக்குறியாக்கும். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அக்குறி முற்றிலும் வேறாகிவிடும். இது வளையம் போன்றது. அக்குறிமேல் மறைசாவியால் இடும் மின்கையொப்பமே முத்திரை. அதனைச் சரிபார்க்கப் பொதுச்சாவி போதும்; புதிதாக இடவோ மறைசாவி வேண்டும். மறைசாவியை அப்பொறியிலேயே வைப்பது, பூட்டிய பெட்டியின்மேல் திறவுகோலை வைப்பதற்கு ஒப்பாகும். மின்கையொப்பத்திற்கு இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பளித்துள்ளது.

சரிபார்ப்பவர் யார்? லினக்ஸ் இயங்குதளத்தில் 2019-இல் சேர்ந்த எஃப்.எஸ்.வெரிட்டி என்னும் முறை, கோப்பைச் சிறு பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் குறி கண்டு, அவற்றையெல்லாம் மரக்கிளைகள்போல் இணைத்து ஒரே வேர்க்குறியாக்குகிறது. வட்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கும்போது, இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் அதனை ஒத்துப்பார்க்கும். பொருந்தாவிடில் படிக்கத் தராது.

காவலனையே மாற்றிவிட்டால் என்செய்வது என்று நீங்கள் வினவலாம். அதனால்தான், பொறியை இயக்கியதும் முதலில் விழிக்கும் நிரல் அடுத்ததன் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. அடுத்தது கெர்னலைச் சரிபார்க்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி தவறினும் பொறி மேற்செல்லாது.

எனினும், முத்திரை ஒன்றை மட்டும் சொல்லாது: எழுதியது உண்மைதானா என்பதை. முதலிலேயே பிழையாகப் பதிந்த எண்ணையும் அது பிழையாகவே காத்து நிற்கும். ஆனைமங்கலக் கொடையில், பெண்யானையை எல்லை சூழ நடத்தி, ஊரார் முன்னிலையில் நிலத்தை வரையறுத்த பின்னரே ஆவணம் எழுதினர். கோப்பின் காவலைப் பொறியிடம் விடலாம். எல்லையைச் சுற்றிப் பார்ப்பது நம் கடமையே ஆகும்.