நாயின் இடம் வாசலா, வரவேற்பறையா?



வெள்ளிக்கிழமை தோறும் நம்மில் பலர் ஓதி வருகின்ற அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் ஒரு நாயைப் பற்றிய குறிப்பு வருகிறது. ஈமானைக் காத்துக் கொள்வதற்காக ஊரைத் துறந்து குகையில் தஞ்சம் புகுந்த இளைஞர்களுடன் அதுவும் சென்றது. அவர்கள் உறங்கிக் கொண்டிருக்க, அது தன் முன்னங்கால்களை வாசலில் விரித்தபடி இருந்ததாக 18:18 வசனம் தெரிவிக்கிறது. நல்லோரின் சகவாசத்தால் ஒரு நாய்க்கும் இறைவேதத்தில் இடம் கிடைத்தது என்று உலமாக்கள் சிலாகித்துக் கூறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். விரிவுரையாளர் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் இன்னொன்றையும் சுட்டிக் காட்டுகிறார்கள். அது குகைக்குள் படுத்திருக்கவில்லை, வாசலுக்கு வெளியே இருந்தது. ஏனெனில் நாய் உள்ள வீட்டினுள் வானவர்கள் நுழைவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. அண்மைக் காலமாக நம்மவர் வீடுகளிலும் விலையுயர்ந்த நாய்கள் சோபாவிலும் படுக்கையறையிலும் உலவத் தொடங்கியுள்ளன. “ஹஜ்ரத், தினமும் குளிப்பாட்டுகிறோம், தடுப்பூசி போட்டிருக்கிறோம், எங்களைவிட அது சுத்தமாக இருக்கிறது. பிறகென்ன?” என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால், இது சோப்பினால் தீரும் விஷயமன்று.

ஒருமுறை ஜிப்ரீல் (அலை) அவர்கள் குறிப்பிட்ட நேரத்தில் வருவதாக வாக்களித்திருந்தும் வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் கவலையுற்றுச் சுற்றிலும் பார்த்தபோது கட்டிலுக்கு அடியில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. அது எப்போது நுழைந்தது என்பதே தமக்குத் தெரியாது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள். அது வெளியேற்றப்பட்ட பின்னரே ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்தார்கள் (முஸ்லிம்). இங்கு நுழையாதவர்கள் என்று கூறப்படுவோர் அருளைக் கொண்டுவரும் வானவர்களே. நம் செயல்களைப் பதிவு செய்யும் வானவர்கள் எப்போதும் நம்மை விட்டுப் பிரிவதில்லை என்று உலமாக்கள் விளக்குகின்றனர்.

இனி, தேவையில்லாமல் நாய் வளர்ப்பவரைப் பற்றிய ஹதீஸைப் பாருங்கள். கால்நடைக் காவல், வேட்டை, விவசாயம் ஆகியவற்றுக்காக அன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறைகிறது என்று அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பிலும், இரண்டு கீராத் குறைகிறது என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பிலும் வந்துள்ளது (புகாரி, முஸ்லிம்). வீட்டுக் காவல் இம்மூன்றில் நேரடியாகக் கூறப்படவில்லை. எனினும், காரணம் ஒன்றே என்பதால் அதுவும் கூடும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். ஆகவே தோப்பு வீடு, பண்ணை வீடு, ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடு ஆகியவற்றில் வசிப்போர் காவலுக்காக நாய் வைத்துக் கொள்வதைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை.

அப்படியானால், காவல் நாய் வீட்டுக்குள் இருக்கலாமா? அனுமதிக்கப்பட்ட நாய் வானவர்களின் வருகையைத் தடுக்காது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள் கருதுகிறார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ எல்லா நாய்க்கும் அது பொருந்தும் என்கிறார்கள். அவர்கள் எடுத்துக் காட்டும் ஆதாரம் மேலே சொன்ன கட்டிலடிக் குட்டியே. அது இருந்தது வீட்டாருக்கே தெரியாது. அதைவிடத் தெளிவான காரணம் வேறென்ன இருக்க முடியும்? அப்படியிருந்தும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் நுழையவில்லையே! காவலுக்கான நாயும் முற்றத்தில் இருப்பதே பேணுதல் என்று நான் கூறுவது இதனால்தான். காவல் காக்க வந்தது கட்டிலில் படுத்திருந்தால் யாருக்குக் காவல் என்பதும் ஒருபுறம் இருக்கட்டும்.

2008-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற இளைஞர் ஒருவர் தம் வழிகாட்டி நாயுடன் பள்ளிவாசலுக்கு வர மார்க்க அறிஞர்கள் அனுமதித்தார்கள். நாய் தொழுமிடத்திற்குள் வரவில்லை. நுழைவுப் பகுதியில் அதற்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. மனிதனின் தேவையும் மறுக்கப்படவில்லை, தொழுமிடத்தின் தூய்மையும் கெடவில்லை.

இதுவரை கூறியது பாதி விஷயமே. மீதியைக் கூறாமல் விட்டதனால் நேர்ந்த ஒன்றை இங்கே ஒப்புக் கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆவில் கீராத் பற்றிய ஹதீஸை மட்டும் விளக்கிப் பேசினேன். மறுவாரம் ஒரு சகோதரர் மகிழ்ச்சியோடு வந்தார். “ஹஜ்ரத், உங்கள் பயானைக் கேட்ட அன்றே நாயைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்ப் புறவழிச் சாலையில் இறக்கி விட்டுவிட்டேன்” என்றார். நான்கு ஆண்டுகள் அவர் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்த பிராணி அது. லாரிகள் விரையும் சாலையில், தானாக இரை தேடத் தெரியாத அதன் கதி என்னவாகியிருக்கும்? நான் அவரைக் கடிந்து கொண்டேன். பின்பு தனியே யோசித்தபோது, அவரைக் கடிந்த கடுமையில் பாதி எனக்கு உரியது என்று தோன்றியது. வெளியேற்றுங்கள் என்று சொன்னவன், எங்கே, எப்படி என்று சொல்லவில்லை.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிக் கொண்டிருந்த நாய்க்காக ஒரு மனிதர் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்வியபடி ஏறிவந்து புகட்டினார். அல்லாஹ் அவருடைய பாவங்களை மன்னித்தான் (புகாரி, முஸ்லிம்). நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தைக் கழுவச் சொன்ன அதே நாவுதான் இதையும் நமக்குச் சொன்னது. தெருவில் போகும் நாயின் மீது நம் பிள்ளைகள் கல்லெறிவதை, ‘அது நஜீஸ் தானே’ என்று பார்த்துக் கொண்டிருக்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

முற்றத்தில் கட்டிவைத்தால் கடமை முடிந்ததா? பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண் நரகம் புகுந்த செய்தியும் புகாரி, முஸ்லிமில்தான் உள்ளது. சித்திரை வெயிலில், குட்டைச் சங்கிலியில், காய்ந்து போன தண்ணீர்ச் சட்டியின் பக்கத்தில் நாயைக் கட்டிவிட்டு உள்ளே மின்விசிறியின் கீழ் திக்ரு செய்பவர், அந்தப் பெண்ணிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? நிழலும், மழைக்கு ஒதுங்கக் கூரையும், மாறாத தண்ணீரும், அவிழ்த்து நடக்கவிடும் நேரமும் அதன் உரிமைகள். ரேபிஸ் தடுப்பூசியைத் தவறாமல் போட்டு வருவது அண்டை வீட்டாரின் உரிமை. கடித்துவிட்டால் சுண்ணாம்பும் மஞ்சளும் தேடாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது.

குழந்தை அடம்பிடிக்கிறதே என்பார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடினார். அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அதைப் பற்றிப் பரிவோடு விசாரித்தார்கள். பிராணிகளின் மீது பிள்ளைக்கு வரும் ஆசை இயல்பானது. பூனை வளர்க்கட்டும்; அது அசுத்தமன்று என்றும், நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்றும் ஹதீஸ் கூறுகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து நாய் வாங்கத் துடிப்போர் மட்டும் இதையும் கேட்டுக் கொள்ளுங்கள்: நாய் விற்ற கிரயம் ஹதீஸில் தடுக்கப்பட்டுள்ளது, ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வியாபாரமே செல்லாது. பயனுள்ள நாயின் விற்பனையை ஹனஃபீ மத்ஹப் அனுமதிக்கிறது.

ஏற்கெனவே வீட்டுக்குள் வளர்ந்துவிட்ட நாயை என்ன செய்வது? இடமிருந்தால் முற்றத்தில் கூரை அமைத்து, சில நாட்களில் பழக்குங்கள். மாடிக் குடியிருப்பில் வசிப்போர், தோட்டக் காவலுக்குத் தேவைப்படும் நம்பகமான ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அதுவரை உணவு உங்கள் பொறுப்பு. தெருவில் விடுவது மார்க்கத்திலும் பாவம். பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

அதன்பின் வீட்டைத் தூய்மை செய்யும் முறை. ஷாஃபிஈ மத்ஹபினர், நாயின் ஈரம் பட்டதாக உறுதியாகத் தெரிந்த இடத்தையும் துணியையும் பாத்திரத்தையும் ஏழுமுறை கழுவ வேண்டும்; அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். மண்ணுக்குப் பதிலாகச் சோப்பு போதாது என்பதே அம்மத்ஹபின் வலுவான கருத்து. ஹனஃபீக்களுக்கு அதன் எச்சில் நஜீஸ். மூன்று முறை கழுவினால் போதும், ஏழு முறை சிறப்பு. இரு பக்கமும் காய்ந்த நிலையில் உரசியிருந்தால் எதுவும் ஒட்டுவதில்லை. ‘எங்கெல்லாம் பட்டதோ தெரியவில்லையே’ என்று வீடு முழுவதையும் ஏழுமுறை கழுவிக் கொண்டிருக்க வேண்டியதில்லை; உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் விதி. அல்லாஹ் மிக அறிந்தவன்.